நீலத் திருகா, நேரடி எண்ணா? ஐஆர் சென்சார் வாங்கப் போகிறவர்களுக்கு

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு வெளிச்சத்துக்கு ‘இருக்கு’ சொல்ல வேண்டும் என்று திருகி வைக்கிற நீலத் திருகு கொண்ட ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் மாட்யூலுக்கும் எனக்கும் ஆகாது. இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கிறது, மூன்று வயரைச் செருகினால் உடனே விளக்கு எரிகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். எல்லாம் சரி. வேலை செய்யாமல் போகும் நாளில்தான் அதன் குணம் தெரியும். ஏன் பார்க்கவில்லை, எவ்வளவு பார்த்தது, இன்னும் எவ்வளவு குறைச்சல் என்று ஒன்றும் சொல்லாது. ‘இருக்கு’, ‘இல்லை’. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பேச்சு.

வாரநாளில் எனக்கு பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. கன்வேயர் பராமரிப்பு. பெட்டி வந்ததா, எங்கே சிக்கியது என்று பார்க்கிற சென்சார்களோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்டு. சனிக்கிழமை காலையில் பாலத்துக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த் அருகே ஒரு தமிழ்ப்பள்ளியில் ரோபோ வகுப்பு எடுக்கிறேன். நான் ஆசிரியர் இல்லை. பிள்ளைகள் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் கை வழியாகப் பலவகை ஐஆர் சென்சார்கள் வந்து போயிருக்கின்றன. எது வண்டியில் நின்றது, எது பிஸ்கட் டின்னுக்குள் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பிடித்து வண்டி ஓட, கோடு பார்க்கும் சென்சார் வேண்டும். அவை எல்லாவற்றுக்கும் தத்துவம் ஒன்று. ஒரு எல்இடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை அனுப்பும். அலைநீளம் பெரும்பாலும் 940 அல்லது 950 நானோமீட்டர். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒளி டிரான்சிஸ்டர், பட்டுத் திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும். வெள்ளைத் தாள் நிறையத் திருப்பித் தரும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். இவ்வளவுதான் பாடம். மீதியெல்லாம் உயரம், வெளிச்சம், தரை என்கிற மூன்று தொல்லைகள்.

ஒரே கண், இரண்டு உடம்பு

கடையில் முதலில் கையில் அகப்படுவது டிசிஆர்டி 5000. விஷே நிறுவனத்தின் சரக்கு. கறுப்பு நிறச் சின்னக் கட்டி, உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குமிழ்கள், ஒன்று நீலம் கலந்தது, இன்னொன்று கறுப்பு. கறுப்புக் குமிழ்தான் வாங்குகிற கண். சாதாரண வெளிச்சம் உள்ளே வராமல் தடுக்கத்தான் அந்தக் கறுப்பு. இந்தக் கண் இரண்டு உடம்பில் விற்பனைக்கு வருகிறது. ஒன்று, நீலத் திருகும் எல்எம்393 சில்லும் வைத்த மாட்யூல். மற்றொன்று, நான்கு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் சென்சார்.

மாட்யூலில் அந்த எல்எம்393 என்ன செய்கிறது? கண் தரும் வோல்ட்டை ஒரு கையில் வைத்துக்கொள்கிறது, திருகு தரும் வோல்ட்டை மறு கையில். எது பெரிது என்று பார்த்து ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. நாட்டாமை மாதிரி. வழக்கு என்ன, சாட்சி என்ன என்பதெல்லாம் நமக்கு வந்து சேராது.

எங்கள் முதல் போட்டிக்கு ஐந்து மாட்யூலை வரிசையாக வண்டியின் மூக்கில் கட்டினோம். வெள்ளி இரவு மண்டபத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஐந்து திருகையும் ஒவ்வொன்றாகத் திருகி, வண்டி வளைவு நெளிவெல்லாம் அழகாகச் சுற்றி வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கும் ஓடியது. பத்தரைக்கு ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் வழியாக வெயில் சாய்வாகத் தரையில் விழுந்தது. வண்டி அந்த வெயில் பட்டைக்குள் நுழைந்ததும் கோட்டை விட்டுவிட்டு நேரே நாற்காலிப் பக்கம் போய்விட்டது. சூரிய வெளிச்சத்தில் அகச்சிவப்பு ஏராளம். கறுப்புக் கோட்டின் மேலும் அது வந்து விழுந்ததால் கண்ணுக்கு எல்லாமே வெள்ளை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது கெடும். ஐந்தையும் சரி செய்து முடிக்கும்போது வெயில் ஒரு முழம் நகர்ந்திருக்கும். எங்கள் முறை வந்தபோது ஒரு பையன், “அண்ணே, ஜன்னலை மூடச் சொல்லலாமாலா?” என்றான். அன்று இருந்ததில் அதுதான் நல்ல யோசனை.

டியூப் லைட்டில் ஓடியது ஏன் என்றும் சொல்லிவிட வேண்டும். டியூப் லைட்டிலும் எல்இடி விளக்கிலும் 950 நானோமீட்டர் பக்கம் வெளிச்சம் மிகவும் குறைவு. அதனால் இரவு ஒத்திகையில் எல்லா வண்டியும் சூரப்புலிதான். பழைய குண்டு பல்பு, ஹாலஜன், வெயில், இந்த மூன்றும்தான் எதிரி.

அடுத்த பள்ளித் தவணையில் வெறும் டிசிஆர்டி 5000 வாங்கினேன். விலையும் மாட்யூலைவிடக் குறைவு. எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, டிரான்சிஸ்டர் பக்கம் 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் ஒன்று, நடுவிலிருந்து ஒரு வயர், வண்டியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஏ0 காலுக்கு. வோல்ட்டை எண்ணாகப் படிக்கிற அனலாக் கால் அது. 5 வோல்ட்டில் அந்த 220 ஓம் ஏறக்குறைய 17 மில்லி ஆம்பியர் விடும். எல்இடி 60 வரை தாங்கும் என்பதால் பயமில்லை. இப்படிக் கட்டினால் வெள்ளைக்குச் சின்ன எண்ணும் கறுப்புக்குப் பெரிய எண்ணும் திரையில் ஓடும். 0 முதல் 1023 வரை.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த எண்களைக் கணக்கு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே. இரண்டு பக்கமும் சில்லறைக் காசுகளை அடுக்கி, அதன் மேல் போர்டை வைத்து, ஸ்கேலால் உயரத்தை அளந்து, கீழே ஒருமுறை வெள்ளை மணிலா அட்டை, ஒருமுறை கறுப்பு டேப். 3 மி.மீ. உயரத்தில் வெள்ளை 45, கறுப்பு 780. எட்டில் 210, 905. பதினைந்தில் 560, 960. இருபத்தைந்து மி.மீ. போனபோது வெள்ளை 830, கறுப்பு 985. நான்காவது வரியைப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணாப் போச்சு அண்ணே” என்றாள். நிஜம். 735 இடைவெளி இருந்த இடத்தில் 155தான் மிச்சம்.

விஷேயின் தரவுத்தாளும் இதையேதான் சொல்கிறது: இந்தக் கண் மிகக் கூர்மையாகப் பார்ப்பது 2.5 மி.மீ. தூரத்தில், 15 மி.மீ. வரை ஒப்பேற்றும். நாங்கள் போட்டியில் வைத்திருந்த உயரம் எவ்வளவு என்று பழைய வண்டியை எடுத்து அளந்தோம். 18. முன்சக்கரக் குண்டு பெரிதாக இருந்ததால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. வெயிலை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன்; பாதிக் குற்றம் எங்கள் குண்டுமேல். ஐந்து திருகைத் திருகித் திருகி அந்தக் குற்றத்தை மறைத்திருக்கிறோம். எண் தெரிந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். இதனால்தான் எனக்கு நீலத் திருகுமேல் கோபம்.

வெறும் சென்சாருக்கு இன்னொரு வசதி, எல்இடி நம் கையில். மாட்யூலில் எல்இடி எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க வழியில்லை. வெறும் சென்சாரில் அதை ஒரு டிஜிட்டல் காலில் கட்டி, அணைத்து ஒருமுறை படிக்கலாம், எரியவிட்டு ஒருமுறை படிக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் எல்இடியின் வேலை. அணைத்தபோதே வந்தது வெளி வெளிச்சத்தின் வேலை. கழித்துவிட்டால் மண்டபத்து வெளிச்சம் கணக்கிலிருந்து போய்விடும். எரியவிட்டதும் அரை மில்லி விநாடி பொறுத்துப் படித்தால் போதும். ஒன்றுக்கு மேல் எல்இடி இருந்தால் காலில் நேராகக் கட்டாமல் ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள், ஊனோவின் ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுவது நல்லதல்ல.

இதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. நேர் வெயில் விழுந்தால் டிரான்சிஸ்டர் ஏற்கெனவே முழுக்கத் திறந்துவிடும். அணைத்தாலும் 30, எரித்தாலும் 28. எதை எதிலிருந்து கழிப்பது? அதற்குக் கைவைத்தியம்தான்: கறுப்புச் செருப்பு ஃபோம் வெட்டி, சென்சார் வரிசையைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கவிட வேண்டும். தரையை உரசாமல் இரண்டு மி.மீ. மேலே. எங்கள் வண்டிக்கு அப்போது வந்த பெயர் ‘பாட்டி’. பாட்டி வெயிலில் விழவில்லை.

எட்டுக் கண் போர்டுகள்

ஐந்து வெறும் சென்சாரை ஈயம் வைத்து ஒட்டுவது பத்து வயதுப் பிள்ளைக்குக் கஷ்டம், எனக்கே சலிப்பு. அங்கேதான் வரிசை போர்டுகள் வருகின்றன.

பொலோலு நிறுவனத்தின் கியூடிஆர்-8 போர்டில் எட்டுக் கண்கள், ஒன்றுக்கொன்று 9.5 மி.மீ. இடைவெளியில். இதில் இருப்பது டிசிஆர்டி இல்லை, கியூஆர்இ1113 என்ற இன்னும் சின்னக் கண். தரைக்கு மிக அருகே, 3 மி.மீ. உயரத்தில் வைத்தால் பிரமாதம்; 6 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். சமமான பளபளப்புத் தளத்தில் இது சிங்கம். மண்டபத்துத் தரையில் டைல் மட்டம் தவறிய இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

இது இரண்டு ரகத்தில் வருகிறது. ஏ ரகம் வோல்ட்டாகத் தரும், எட்டு அனலாக் கால் வேண்டும். ஊனோவில் இருப்பதே ஆறு. ஆர்சி ரகத்தின் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு குட்டிக் கெபாசிட்டர். அதை நிரப்பிவிட்டு, வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று மைக்ரோ விநாடியில் எண்ண வேண்டும். வெள்ளையின் மேல் நிறைய வெளிச்சம் திரும்புவதால் சட்டென்று வடியும். கறுப்பின் மேல் மெதுவாக. குழாயைத் திறந்துவிட்டு வாளி காலியாகும் நேரத்தைப் பார்ப்பது மாதிரி. அனலாக் கால் ஒன்றுகூட வேண்டாம், சாதாரண டிஜிட்டல் கால்களே போதும். அப்படியும் கிடைப்பது ‘இருக்கு, இல்லை’ அல்ல, முழு எண். ஆர்டுயினோவுக்குப் பதில் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் உபயோகம். வைஃபை ஓடும்போது அதன் ஏடிசி-2 என்ற கூட்டத்துக் கால்கள் அனலாக் வாசிப்புக்கு உதவாது. எந்தக் கால் எந்தக் கூட்டம் என்று தேடியே அரை நாள் போய்விடும்.

ஒரு குறை: வடியும் வரை காத்திருக்க வேண்டும். இருட்டுத் தரையில் இரண்டு இரண்டரை மில்லி விநாடி வரை காத்திருக்க விடுவார்கள். பள்ளிப் போட்டி வேகத்துக்கு அது ஒன்றுமே இல்லை. பந்தய வண்டிக்காரர்கள்தான் கவலைப்பட வேண்டும், அவர்கள் ஏ ரகத்துக்குப் போகலாம்.

எட்டு எண் கிடைத்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: கோடு எந்தக் கண்ணின் கீழே என்று மட்டுமல்ல, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் எந்த இடத்தில் என்றுகூடத் தெரியும். கண்களுக்கு 0, 1000, 2000 என்று 7000 வரை இடம் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு கறுப்பைப் பார்க்கிறதோ அந்த எடையில் சராசரி எடுத்தால் 2640 மாதிரி ஓர் எண் வரும். நடு 3500. வித்தியாசத்துக்கு ஏற்ப மோட்டாரை மெல்லத் திருப்பினால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நீலத் திருகு வண்டியோ கோட்டின் இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் முட்டிமுட்டி, கள்ளுக் குடித்தவன் மாதிரி நடக்கும். வீடியோவில் பார்த்தால் எந்த வண்டியில் எது இருக்கிறது என்று நடையை வைத்தே சொல்லிவிடலாம்.

அடுத்தது, நம் பினாங்குச் சரக்கு. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் சைட்ரான் நிறுவனத்தின் மேக்கர் லைன் போர்டு. ஐந்து கண். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, போர்டைக் கோட்டுக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் ஆட்டினால் வெள்ளை எது, கறுப்பு எது என்று அதுவே கற்றுக்கொண்டு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். ஐந்து டிஜிட்டல் காலும் உண்டு, கோட்டின் இடத்தை ஒரே வோல்ட்டாகச் சொல்லும் அனலாக் கால் ஒன்றும் உண்டு. மைக்ரோபிட் என்கிற பள்ளி போர்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒற்றைக் கால் பெரிய உதவி. அதில் சுலபமாகக் கவ்வக்கூடிய பெரிய வளையங்களில் அனலாக் படிப்பவை மூன்றுதான்.

என் கட்சிப்படி பார்த்தால் இதுவும் நமக்காகத் தீர்ப்பு சொல்கிற போர்டுதான், நான் எதிர்க்க வேண்டும். ஆனால் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதையே கொடுக்கிறேன். போட்டி மேசையில் மூன்று நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் ஐந்து திருகைத் திருக முடியாது, ஒரு பொத்தானை அழுத்த முடியும். உள்ளூர் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். ஒரு காலத்தில் சின்ன உதிரிப் பொருளுக்கும் பஸ் ஏறி கோலாலம்பூர் புடு, ஜாலான் பாசார் கடைகளுக்குப் போய்ப் பொறுக்கி எடுத்து வந்தவன் நான்.

சிஎன்ஒய்70 என்று ஒன்றையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பார்வை, 5 மி.மீ.க்கு மேல் ஒன்றும் நடக்காது. சக்கரத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒட்டிச் சுற்று எண்ணுவதற்கு நல்லது. கோட்டுக்கு வேண்டாம்.

கண்ணுக்குக் கறுப்பு, அதற்குக் கறுப்பில்லை

எந்த சென்சார் வாங்கினாலும் இந்தப் பள்ளத்தில் ஒருமுறை விழுவீர்கள். நான் விழுந்தது வீட்டு பிரிண்டரால். பயிற்சித் தடம் ஒன்றை வரைந்து, ஏ4 தாள்களில் அச்சடித்து, பின்பக்கம் டேப் ஒட்டிப் பெரிய விரிப்பாக்கினேன். கரிய, அழகான கோடு. வண்டி அதன் மேல் ஒன்றுமே இல்லாதது போல ஓடியது. வயரைப் பிடுங்கி மாட்டினேன், புரோகிராமை மாற்றினேன். கடைசியில் எண்ணைப் பார்த்தால் வெற்றுத் தாளில் 60, கோட்டின் மேல் 75.

மைதான் காரணம். என் இங்க்ஜெட்டில் இருந்தது சாய மை. சாயக் கறுப்பு நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுக்கும், 950 நானோமீட்டரை விட்டுவிடும். ஐஆர் கண்ணுக்கு அது வெறும் ஜன்னல் கண்ணாடி. அடியில் இருக்கும் வெள்ளைத் தாளைத்தான் பார்க்கிறது. லேசர் பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷினின் கறுப்புத் தூளில் கரி இருக்கிறது. கரி அகச்சிவப்பையும் விழுங்கும். அதே படத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன்: 75 இருந்த இடத்தில் 800. இருபது காசு செலவில் தீர்ந்த விஷயத்துக்கு இரண்டு இரவு.

மின் வேலைக்குப் பயன்படும் கறுப்பு டேப் நன்றாக விழுங்கும், ஆனால் பளபளப்பு. சாய்வாக விழும் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிவிடும். சென்சார் கொஞ்சம் சாய்ந்திருந்தால் நடுக்கோட்டில் திடீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி வரும். மங்கலான துணி டேப் விலை கூட, ஆனால் அந்தப் பிரச்சினை இல்லை.

தடை பார்க்கிற கண்கள்

கோட்டை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிற சென்சாருக்கு வருவோம். இங்கும் மலிவு விலைப் பட்டத்து இளவரசன் நீலத் திருகுதான்: எஃப்சி-51. முன்னால் இரண்டு குமிழ், பின்னால் அதே எல்எம்393. இரண்டு முதல் முப்பது செ.மீ. வரை பார்க்கும் என்று விற்பவர்கள் போடுவார்கள். வெள்ளைச் சுவரானால் ஓரளவு உண்மை.

எங்கள் தடை தவிர்க்கும் வண்டி வகுப்பறையில் பிள்ளைகளின் கால்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. சிலர் காலைக் கண்டு விலகியது, சிலர் காலில் நேரே போய் மோதியது. 2021 முதல் நம் பள்ளிகளில் கறுப்புக் காலணிதான். வெள்ளைக் காலணிக் காலமாக இருந்தால் இந்தச் சிக்கலே தெரிந்திருக்காது. எல்லாரும் கறுப்புத்தான் போட்டிருக்கிறார்கள், ஏன் இந்தப் பாரபட்சம்? ஒவ்வொரு காலாக நிறுத்திச் சோதித்தோம். துணிக் காலணியை ஒரு சாண் தூரத்தில் கண்டுபிடிக்கிறது; ரப்பர் மாதிரி மழமழப்பான காலணியை ஒட்டிப்போன பிறகும் காணவில்லை. அதே கதைதான். துணியில் சாயம், ரப்பரில் கரி. மோதப்பட்ட பையன்கள் அன்றோடு அகச்சிவப்பை மறக்கவில்லை.

திடலில் வெயிலில் விட்டபோது எஃப்சி-51 இன்னும் மோசம். எதிரே ஒன்றுமே இல்லை, ஆனால் விளக்கு அணையவே இல்லை. எங்கும் தடை என்று சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. இதன் எல்இடி சும்மா எரிகிறது, எந்தத் தாளமும் இல்லை. எது தன் வெளிச்சம், எது சூரியனுடையது என்று பிரிக்க அதற்கு வழியே கிடையாது.

அந்த வழி இருப்பது இ18-டி80என்கேயில். ஆரஞ்சு முனை வைத்த நீளக் குழல், நட்டுப் போட்டு இறுக்கலாம். 3 முதல் 80 செ.மீ. தொழிற்சாலையில் நான் தினம் பார்க்கிற சென்சாரின் ஏழைத் தம்பி. வெளிச்சத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, அதே தாளத்தில் திரும்பி வருவதை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. கூட்டத்தில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நமக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதனால் வெளி வெளிச்சத்துக்கு எஃப்சி-51 போல அவ்வளவு சீக்கிரம் மயங்காது. பின்னால் ஒரு திருகு இதற்கும் உண்டு, பதிலும் ‘இருக்கு, இல்லை’தான். இருந்தாலும் கோபம் வரவில்லை. ஒருமுறை திருகி வைத்தால் அப்படியே நிற்கிறது.

இதை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, வயர் நிறம். பழுப்பு 5 வோல்ட், நீலம் கிரவுண்ட், கறுப்பு சிக்னல். தொழிற்சாலை வழக்கம் அது. ஆர்டுயினோவில் பழகிய கை கறுப்பைத் தானாகவே கிரவுண்டில் செருகிவிடும். சில கடைகளில் வேறு நிற வயரோடும் வருகிறது, ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். சிக்னல் காலுக்கு உள் புல்அப் (சும்மா இருக்கும்போது காலை 1-இல் பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டர்) போட்டுவிடுங்கள். எதிரே ஏதாவது இருந்தால் 0 வரும், இல்லையென்றால் 1. பிள்ளைகள் இதைத் தலைகீழ் என்பார்கள். எனக்கு இதுதான் நேர்.

தூரம் எண்ணாக வேண்டுமென்றால் ஷார்ப்பின் ஜிபி2ஒய்0ஏ21. விலை ஒரு குடும்பத்து நாசி கண்டார் சாப்பாட்டுச் செலவுக்குப் பக்கத்தில் போகும். 10 முதல் 80 செ.மீ. இதன் அழகு என்னவென்றால் எவ்வளவு வெளிச்சம் திரும்பியது என்பதை இது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திரும்பிய வெளிச்சம் உள்ளே இருக்கும் பட்டையில் எந்த இடத்தில் விழுந்தது என்பதே கணக்கு. கிட்டே இருக்கும் பொருளிலிருந்து ஒரு கோணம், தூரத்துப் பொருளிலிருந்து வேறு கோணம். அதனால் வெள்ளைக் காலணியோ கறுப்போ, பதில் அதிகம் மாறாது. ரப்பர் காலணியும் சிக்கியது.

குறைகள் உண்டு. பத்து செ.மீ.யில் ஏறக்குறைய 2.3 வோல்ட், எண்பதில் 0.4, நடுவில் நேர்கோடு இல்லை, வளைகோடு. பத்துக்கும் கிட்டே வந்தால் வோல்ட் மறுபடி இறங்கும். மூக்கை உரசுகிற சுவர் முப்பது செ.மீ. தள்ளி இருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக முட்டும். எங்கள் வண்டி முட்டியிருக்கிறது, இரண்டு முறை. சென்சாரை வண்டியின் மூக்கில் வைக்காமல் பத்து செ.மீ. பின்தள்ளி நடு முதுகில் வைத்தால் தீர்ந்தது. பவர் வயர்களுக்குக் குறுக்கே ஒரு கெபாசிட்டர், 10 மைக்ரோ ஃபாரட் அல்லது கூட, கண்டிப்பாக வையுங்கள். இல்லாவிட்டால் எண் துள்ளிக்கொண்டே இருக்கும். புது அளவு வர 38 மில்லி விநாடி அளவுக்கு ஆகும், அதைவிட வேகமாகக் கேட்டால் பழைய பதிலையே திரும்பச் சொல்லும்.

இப்போது எல்லாரும் கையில் எடுப்பது விஎல்53எல்0எக்ஸ். எஸ்டி நிறுவனத்தின் லேசர் சில்லு, அரிசி மணி அளவு. வெளிச்சம் போய்த் திரும்பும் நேரத்தையே அளக்கிறது. ஒரு மீட்டர் போய் வர ஏழு நானோ விநாடிகூட ஆகாது என்பதை நினைத்தால் அந்த விலைக்கு இது ஆச்சரியம்தான். இரண்டு மீட்டர் வரை, மி.மீ. கணக்கில் எண் தரும். இரண்டு சென்சாரை ஒரே வண்டியில் மாட்டினால், போர்டு அவற்றைக் கூப்பிடும் முகவரி எண் இரண்டுக்கும் ஒன்றே; ஒன்றைத் தூங்க வைத்துவிட்டு மற்றதற்கு வேறு முகவரி கொடுக்க வேண்டும். வெயிலில் இதற்கும் பார்வை சுருங்கும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஷார்ப்புக்குப் பதில் இதையே வாங்கச் சொல்கிறேன், ஆரம்பப்பள்ளிக்கு ஷார்ப். ஒரு வோல்ட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும்.

ஒலியால் தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்ஆர்04ஐ ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். மலிவு, வெயில் கறுப்பு எதுவும் அதைப் பாதிக்காது. ஆனால் திரைச்சீலையையும் சாய்ந்த பலகையையும் சரியாகப் பார்க்காது. நான்கு வண்டி ஒரே அறையில் ஓடினால் ஒன்றின் சத்தம் மற்றதற்குக் கேட்டுக் குழப்பும். ஒரே வண்டி என்றால் தாராளமாக வாங்கலாம்.

எது வாங்கினாலும் முதல் சோதனை கைப்பேசி கேமராவில். எல்இடியை கேமரா வழியாகப் பாருங்கள், ஊதா நிறத்தில் மினுக்கினால் உயிர் இருக்கிறது. பின்கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பலவற்றில் அகச்சிவப்பு வடிகட்டி அங்கே கொஞ்சம் இளக்கம்.

பிஸ்கட் டின்னுக்குள் போன அந்த ஐந்து மாட்யூல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன தவணையில் ஒரு பையன் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். உண்டியல் செய்திருந்தான். மூடிய அட்டைப்பெட்டி, மேலே காசு விழுகிற துவாரம், உள்ளே ஒரு சின்னச் சரிவு, சரிவின் நடுவில் அந்த மாட்யூல். ஒவ்வொரு காசும் 4 மி.மீ. தூரத்தில் கடந்து போகும்போது எண்ணிக்கை ஒன்று கூடும். உள்ளே வெயில் இல்லை, விளக்கு இல்லை, தூரம் மாறுவதில்லை, காசெல்லாம் பளபளப்பு. முதல் நாள் நான்தான் திருகைத் திருகிக் கொடுத்தேன். ஏழு வாரம் ஆகிறது, அதைத் தொட இன்னும் வேலை வரவில்லை.